பழைய ஈயச் சுரங்கத்தின் வாசலைக் கான்கிரீட் போட்டு மூடப்போகிறார்கள், எப்படித் தடுப்பது?

வடமலை:

இங்கிலாந்தில், குறிப்பாக டெர்பிஷயர் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவுங்கள். சட்டம் தெரிந்தவர்கள், மண் பாறை சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவர்களும் சொல்லலாம்.

வார இறுதியில் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் போய்ப் பார்த்து, அளந்து, வரைபடம் போடுகிற ஒரு சின்னக் குழு எங்களுடையது. நான் ஒருவன்தான் தமிழன். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள், அதில் இரண்டு பேருடைய முன்னோர்கள் இதே மலைகளில் ஈயம் வெட்டியவர்கள். நாங்கள் அடிக்கடி போகும் சுரங்கத்தின் வாசல் ஒரு பண்ணை நிலத்தில், சரிவுக்குக் கீழே இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் அப்படியே போனால் சுண்ணாம்புப் பாறையில் ஈயத் தாது ஓடிய பிளவு வரும், அங்கேதான் நிமிரலாம். சுவர் முழுக்க உளித் தடம். அங்கங்கே பாறையில் களிமண் உருண்டைகளை அப்பி வைத்திருப்பார்கள், அதில்தான் கொழுப்பு மெழுகுவர்த்தியைச் செருகி வேலை பார்த்திருக்கிறார்கள். அந்தக் களிமண்ணில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் ரேகையோடு இன்னும் இருக்கிறது. தரையில் ஓரிடத்தில் ஆணி அடித்த பூட்ஸின் தடம் காயாத சேற்றில் கிடக்கிறது, யாரும் மிதித்துவிடக் கூடாது என்று சுற்றி நாடா கட்டி வைத்திருக்கிறோம்.

பழைய உரிமையாளர் ஒரு பெரியவர். வாய்வார்த்தையாகவே அனுமதி கொடுத்திருந்தார். போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், வந்ததும் கதவைத் தட்டுங்கள், அவ்வளவுதான். அவர் தவறிப்போன பிறகு நிலம் கைமாறிவிட்டது. புதியவர் வந்த கொஞ்ச நாளிலேயே யாரோ ஒரு கும்பல் ராத்திரியில் வேலி தாண்டி உள்ளே போய், படம் பிடித்து, இடத்தை அடையாளம் சொல்லி இணையத்தில் போட்டுவிட்டது. வயல் கேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனதில் ஆடுகள் சாலைக்கு வந்துவிட்டன. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாசலை அப்படியே கான்கிரீட்டால் அடைத்துவிடப் போகிறேன் என்கிறார், ஒப்பந்தக்காரரிடம் விலைகூடக் கேட்டுவிட்டார்.

அவருக்கு அந்த உரிமை முழுக்க இருக்கிறதா? நாங்கள் போய்ப் பேசினால் என்ன சொல்லிப் பேசுவது? அவரை எதிரியாக்கிக்கொள்ள எங்களுக்கு விருப்பம் இல்லை.

நிலவறை:

வணக்கம் வடமலை. நான் மான்செஸ்டர் பக்கம், குகைக் குழுக்களில் கொஞ்ச காலமாக இருக்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் நில உரிமையாளர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன்.

முதலில், அவர் நிலம் அவருடையது. உள்ளே போக உங்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது, பெரியவர் கொடுத்த வாய்வார்த்தை அவரோடு போயிற்று. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். யாராவது உள்ளே விழுந்து செத்தால் தன் தலையில் விடியும் என்பதுதான் பெரும்பாலான உரிமையாளர்களின் பயம். அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கல்குவாரிகள் சட்டம், 151-ஆவது பிரிவு. கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாசலில் தடுப்போ அடைப்போ இருக்க வேண்டும் என்கிறது. எதற்காக? யாரும் தவறி விழாமல், தெரியாமல் உள்ளே நுழைந்துவிடாமல் இருப்பதற்காக. அவ்வளவுதான் அது கேட்பது. பூட்டிய இரும்புக் கதவு அதற்குத் தாராளமாகப் போதும், கான்கிரீட் போட்டே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. 1872 ஆகஸ்ட் 9-க்குப் பிறகு வேலை நடக்காத ஈயச் சுரங்கம் என்றால், பொதுவழிக்கோ பொது இடத்துக்கோ பக்கத்தில் ஆபத்தாகத் திறந்து கிடந்தால் ஒழிய, அந்தக் கட்டாயம்கூட இல்லை. உங்கள் சுரங்கம் எப்போது நின்றது என்று பதிவுகளில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது காப்பீடு. உங்கள் குழு, இங்குள்ள குகைக் குழுக்களின் தேசிய அமைப்பான பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷனில் சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே சேருங்கள். உறுப்பினர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு உண்டு, அந்தக் காகிதத்தை உரிமையாளர் கையில் கொடுக்க முடியும். 1957-ஆம் ஆண்டின் இட உரிமையாளர் பொறுப்புச் சட்டமும், ஆபத்து தெரிந்து அதை விரும்பி ஏற்றுக்கொண்டவருக்கு உரிமையாளர் பொறுப்பில்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே அடுக்காதீர்கள், மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, வௌவால். இந்த நாட்டில் எல்லா வகை வௌவாலும் அவை தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. அவை குளிர்கால உறக்கத்துக்கு வரும் வழியை ஆய்வு செய்யாமல் அடைத்தால் குற்றம். உள்ளே வௌவால் பார்த்திருந்தால் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது. ஆனால் இதை ஆயுதமாகப் பிடித்தால் உங்களையும் சேர்த்துத்தான் கட்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நாங்களும் போக மாட்டோம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

முன்னுதாரணம் வேண்டுமென்றால் செஷயரில் ஆல்டர்லி எட்ஜ் போய்ப் பாருங்கள். வெண்கலக் காலத்திலிருந்து செம்பு வெட்டிய இடம். திறந்து கிடந்த சுரங்கங்களில் பலர் செத்ததால் 1960-களில் வாசல்களை அடைத்தார்கள். அப்புறம் டெர்பிஷயர் கேவிங் கிளப், அந்த நிலத்தை வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் பேசி, நுழைவு உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, இரும்புக் கதவு போட்டுப் பூட்டி, சாவியையும் பொறுப்பையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை ஓடுகிறது. பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் நாட்களும் வைக்கிறார்கள். அந்தக் கிளப் ஆட்கள்தான் 1995-இல் அங்கே ஒரு பழைய குழியில் 564 ரோமானியக் காசுகள் இருந்த பானையைக் கண்டெடுத்தார்கள். 1960-களிலேயே எல்லாவற்றையும் கான்கிரீட்டால் நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உரிமையாளரையே கேளுங்கள்.

மேட்லாக் அம்மா:

நான் வேறு மாதிரி சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில்தான் பிள்ளைகளை வளர்க்கிறேன். நடைபாதையை விட்டு நாலு எட்டு தள்ளினால் புல் மூடிய குழி. ஈயம் எடுத்த மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன, எதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குக் கயிறு, ஹெல்மெட், அனுபவம் எல்லாம் இருக்கலாம். பதினைந்து வயதுப் பையன்களுக்கு ஒரு வீடியோவும் செல்போன் விளக்கும் போதும். பூட்டு போட்டால் பூட்டை உடைப்பார்கள். உடைத்து உள்ளே போனவன் வரவில்லை என்றால் அவனைத் தேடப் போகிறவர்களும் தன்னார்வத் தொண்டர்கள்தான், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. சில வாசல்களையாவது நிரந்தரமாக மூடுவதில் என்ன தவறு? களிமண்ணில் இருக்கும் விரல் தடத்தைவிட ஒரு பையனின் உயிர் பெரிது இல்லையா?

கருங்கல்:

மேட்லாக் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. செங்குத்தான குழிகளைப் பொறுத்தவரை நான் அவர் பக்கம்தான், மூடியே ஆக வேண்டும். ஆனால் எதை எப்படி மூடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் லீட்ஸில் நிலத்தடிப் பொறியியல் வேலை பார்க்கிறேன், இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வடமலை, வாசலில் எப்போதும் தண்ணீர் வெளியே ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதிவில் எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணை உறுத்தியது. டெர்பிஷயர் ஈயச் சுரங்கங்களில் தண்ணீரை வடிப்பதற்கென்றே மலையைக் குடைந்து வாய்க்கால் சுரங்கங்கள் வெட்டினார்கள், உள்ளூரில் 'சஃப்' என்பார்கள். உங்கள் வாசல் அப்படிப்பட்ட ஒன்றாகவோ, அதோடு சேர்ந்த ஒன்றாகவோ இருக்கலாம். அப்படியென்றால் அதற்குக் கான்கிரீட் போடுவது, தொட்டியின் வடிகாலை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்து விட்டது போலத்தான். மழை மேலே பெய்துகொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 30 டன் அழுத்தம். பண்ணைக்கு வேலி போடுகிற ஒப்பந்தக்காரர் ஊற்றிய கான்கிரீட் தாங்கினாலும் பக்கத்துப் பாறை தாங்க வேண்டும், பழைய வெடிப்பு எது வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது வெறும் கற்பனை இல்லை. டெர்பிஷயரிலேயே ஷெல்டன் கிராமத்து மேக்பை ஈயச் சுரங்கத்தின் சஃப் உள்ளே இடிந்து அடைபட்டு, தண்ணீர் தேங்கி, 1966-இல் மலைச்சரிவையே உடைத்துக்கொண்டு வந்தது. மண்ணும் கல்லும் வை ஆற்றில் போய் விழுந்தன. கார்ன்வாலில் வீல் ஜேன் தகரச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டு, பம்புகள் நின்று, தண்ணீர் ஏறி, 1992 ஜனவரியில் ஒரு பழைய வழியில் போட்டிருந்த அடைப்பு விட்டுக்கொடுத்தது. சுமார் 5 கோடி லிட்டர் அமிலத் தண்ணீர், காட்மியமும் துத்தநாகமும் கலந்து கார்னன் ஆற்றில் பாய்ந்தது. ஃபால் கழிமுகம் வரை ஆரஞ்சு நிறம். அமெரிக்காவில் கொலராடோவில் 2015-இல் கோல்டு கிங் சுரங்கத்தில் நடந்ததும் இதே ரகம்தான், அங்கே வாசலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறையே. அனிமாஸ் ஆறு மஞ்சளாகிப் போனது.

அதனால் நிலத்துக்காரரிடம் முதலில் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி. வரலாறு, வௌவால் எல்லாம் அப்புறம். கான்கிரீட் போட்ட பிறகு கீழ் வயலில் எங்கேயாவது தண்ணீர் கிளம்பினாலோ, பக்கத்து நிலம் சரிந்தாலோ, அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஓடும் நீரைத் தடுப்பதற்கு அனுமதி வாங்க வேண்டியும் வரலாம். பயத்தைப் போக்கத்தான் அவர் கான்கிரீட் போடப் பார்க்கிறார், ஆனால் இருப்பதைவிடப் பெரிய பொறுப்பை விலை கொடுத்து வாங்கப் போகிறார். இதை நீங்கள் சொல்வதைவிட, ஒரு தகுதியுள்ள பொறியாளர் வந்து பார்த்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் மரியாதை இருக்கும். நானே வந்து பார்க்கத் தயார்.

கதவு போடுவதென்றால் படுக்கைக் கம்பிகள், நடுவே சுமார் 150 மில்லிமீட்டர் இடைவெளி. வௌவால் பறந்து போகும், ஆள் நுழைய முடியாது. நிமிர்ந்த கம்பி வேண்டாம், வௌவாலுக்கு இடிக்கும். கதவுச் சட்டத்தைப் பழைய கல் வளைவில் அடிக்காமல் உள்ளே உறுதியான பாறை வரும் இடத்தில் துளைபோட்டுப் பதியுங்கள். அடியில் தண்ணீரும் சருகும் போக வழி விட வேண்டும், இல்லையென்றால் கதவே அணையாகிவிடும். பூட்டை ரம்பம் எட்டாதபடி இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ரொம்ப முக்கியம், உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். காற்றோட்டமும் கெடாது. அடைத்த சுரங்கத்தில் ஆக்சிஜன் குறைந்த காற்று தேங்கினால் அது வேறு எங்காவது ஒரு விரிசல் வழியாகத்தான் வெளியே வரும்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பூட்டை உடைப்பார்கள் என்பது உண்மை, நடக்கிறது. ஆனால் மாதம் ஒருமுறை அக்கறையுள்ள ஆட்கள் வந்து போகும் வாசலில் உடைந்த பூட்டு உடனே தெரியும், அன்றே மாற்றிவிடலாம். யாருமே போகாத இடத்தில் மேலே புதிதாக ஒரு பள்ளம் விழுந்தாலும் நடந்துபோகிற யாராவது அதில் கால் வைக்கும் வரை யாருக்கும் தெரியாது.

கோலார் பேரன்:

எனக்கு இங்கிலாந்துச் சட்டம் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். இறங்குவது கேஜ் என்கிற இரும்புக் கூண்டில், அதற்கப்புறம் இன்னொரு கேஜ், அப்புறம் நடை. பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் ஆடும், உடனே பெண்கள் எல்லாரும் ஆட்கள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள் என்று பாட்டி சொல்வார். அதே சுரங்கத்தில்தான் 1965-இல் டாடா ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்கிற நுண்துகள்களைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கருவிகளைச் சுமந்து இறக்கியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். பம்பு நின்றது, தண்ணீர் ஏறியது. அவ்வளவுதான். கீழே எத்தனையோ தலைமுறை வெட்டிய வழிகள், அவர்கள் பேர் வைத்த இடங்கள், சுவரில் எழுதிய எண்கள், சாமி படம் வைத்துக் கும்பிட்ட மூலைகள் எதையுமே வேலை பார்த்தவர்கள் கண்ணால் யாரும் பதிவு செய்யவில்லை. கம்பெனி வரைபடத்தில் கோடு இருக்கும், தாத்தா எந்த மூலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார் என்பது இருக்காது. இப்போது அங்கே இறங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, முடியவும் முடியாது, அது சாவுக்குழி. பம்பை நிறுத்துவதற்கு முன்னால் யாராவது கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கருங்கல் மேக்பை என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1839-இல் அந்தச் சுரங்கத்தை எடுத்து நடத்தியவர் ஜான் டெய்லர். அவர் பேரில் இருந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனிதான் 1880-லிருந்து கோலாரை நடத்தியது. கார்ன்வால் ஆட்களைக் கொண்டுவந்து மேஸ்திரி வேலையில் வைத்ததும் அவர்கள்தான். அந்தக் கம்பெனி கையிலிருந்த ஒரு சுரங்கத்தை டெர்பிஷயரில் சங்கம் வைத்துப் பராமரிக்கிறார்கள், நாங்கள் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மேடுகளைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். வடமலை, உங்களுக்கு ஒரு இரும்புக் கதவு போதும் என்கிற நிலை இருக்கிறது. விட்டுவிடாதீர்கள். கதவு கிடைக்கிறதோ இல்லையோ, உள்ளே இருப்பதை முழுக்கப் படம் எடுத்து, ஸ்கேன் செய்து, அளந்து வைத்துவிடுங்கள். அதற்கு மட்டுமாவது அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

வடமலை:

எல்லாருக்கும் நன்றி. மேட்லாக் அம்மா, உங்கள் பதிலை எங்கள் குழுவுக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். எங்கள் வாசலுக்கு மேலே சரிவில் ஒரு செங்குத்துக் குழி இருக்கிறது, பழைய மரக்கட்டைகளும் கல்லும்தான் மூடியிருக்கின்றன. அதற்குக் கான்கிரீட் பலகை போட்டு நிரந்தரமாக மூடும் செலவில் எங்களால் முடிந்ததை ஏற்றுக்கொள்கிறோம் என்று நிலத்துக்காரரிடம் சொல்ல முடிவு செய்திருக்கிறோம். உண்மையில் ஆபத்து அங்கேதான், வாசலில் இல்லை.

கருங்கல், நீங்கள் வருவதாகச் சொன்னது பெரிய உதவி, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். கோலார் பேரன், தாத்தா சொன்னவற்றை நீங்கள் எழுத ஆரம்பித்தால் முதல் வாசகன் நான்.

நிலவறைக்கு ஒரு கேள்வி. அவரிடம் எழுத்தில் என்ன கேட்பது? குத்தகை என்று கேட்டால் பயந்துவிடுவாரா?

நிலவறை:

குத்தகை வேண்டாம், இப்போதைக்கு அந்த வார்த்தையையே எடுக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு அனுமதிக் கடிதம், ஒரே பக்கம். எப்போது வேண்டுமானாலும் அவர் ரத்து செய்யலாம் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள், அதுதான் அவருக்கு நிம்மதி தரும். கதவும் பூட்டும் உங்கள் செலவு, ஒரு சாவி அவரிடம். போகும் நாளை முன்கூட்டியே சொல்வோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்பதும் தெரிவிப்போம். ஆட்டுக்குட்டி போடும் காலத்தில் வயலுக்குள் கால் வைக்க மாட்டோம். கார் எங்கே நிறுத்துவது என்பதை அவர் சொல்கிறபடி. உள்ளிருந்து எதையும் எடுக்க மாட்டோம், இடத்தை அடையாளம் காட்டும் படம் எதையும் பொதுவில் போட மாட்டோம். இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், அவர் கோபப்பட்டதே அதற்குத்தான்.

அந்தக் கும்பலின் வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறதா? இருந்தால் அவரைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் அதை எடுக்கச் சொல்லி நீங்களே கேட்டுப் பாருங்கள். எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். போகும்போது நீங்களும், முன்னோர் சுரங்கத்தில் வேலை பார்த்த அந்த இரண்டு பேரில் ஒருவரும் போதும், கூட்டமாகப் போக வேண்டாம். ஒப்பந்தக்காரர் எந்தத் தேதிக்கு வருகிறார் என்று தெரிந்தால் இங்கே எழுதுங்கள், பீக் டிஸ்ட்ரிக்ட் சுரங்க வரலாற்றுச் சங்கத்தில் எனக்குத் தெரிந்தவர்களிடம் அந்தச் சுரங்கத்தின் பழைய வரைபடம் இருக்கிறதா என்று அதற்குள் கேட்டு வைக்கிறேன்.